பட்டாணியின் வயிறு

பதினோரு மணிக்கு மேல் பட்டாணி மறுபடியும் வாந்தி எடுத்தது. சௌந்தரம் அப்போதுதான் அடுப்பில் நாய்க்குக் கஞ்சி வைத்திருந்தாள். பச்சரிசிக் கஞ்சி, உப்பு கிடையாது, அதில் பரங்கிக்காயை வேகவைத்து மசித்துப் போட வேண்டும், எல்லாம் டாக்டரம்மா சொன்னபடி. முதலில் அந்தச் சத்தம் வந்தது, வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து எக்குகிற சத்தம். மூன்று வாரமாகக் கேட்டுக் கேட்டு இப்போதெல்லாம் மனசு பதறுவதற்கு முன்னால் கை பழைய துணியை எடுத்துவிடுகிறது. துணி வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்தது. ஒரு வேட்டியை எட்டாகக் கிழிக்கலாம். இந்த மூன்று வாரத்தில் இரண்டு வேட்டி போய்விட்டது, இனி கிழிக்க நல்ல வேட்டிதான் இருக்கிறது, அதையும் யார் கட்டப்போகிறார்கள், படுத்திருக்கிறவருக்கு லுங்கி போதும். ஒரு வேளைக்கு ஒரு கரண்டிக் கஞ்சி, அதற்குமேல் ஒரு பிஸ்கட் கூட வாயில் படக்கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். சௌந்தரம் பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றினாள், குப்பைக் கூடையைக் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்தாள், எச்சில் தட்டுகளை உடனுக்குடன் கழுவினாள். கழுவ என்ன இருக்கிறது, அவள் தட்டு ஒன்று, அவர் தட்டு ஒன்று. அவர் தட்டைக் கழுவக்கூட வேண்டியதில்லை, அப்படி வழித்துச் சாப்பிட்டிருப்பார். ஆனாலும் பட்டாணிக்கு நிற்கவில்லை. ஒரு கரண்டிக் கஞ்சி குடிக்கிற நாய் எங்கிருந்து இவ்வளவு வாந்தி எடுக்கிறது என்று ஒருநாள் கூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை. துடைக்கிறவளுக்குத் துடைக்கத்தான் நேரம் இருக்கும்.

கொல்லைக்குப் போகிற நடையில் அது நின்றுகொண்டிருந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பின்னங்கால் இரண்டும் நடுங்க. வாந்தி எடுத்துவிட்டால் வெட்கப்படுகிற நாய். மூலையில் போய் நின்று சுவரைப் பார்க்கும். வெள்ளையாகக் குழைந்து கிடந்ததில் அங்கங்கே சிவப்பு. ரத்தம் என்று நினைத்தாள். ரத்தம் என்று நினைத்த பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, அதுதான் அவளுக்குச் சற்றுப் பயமாக இருந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் குளியலறையில் அவர் விழுந்த சத்தம் கேட்டபோதும் இப்படித்தான், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள், பால் பொங்கிவிடும் என்று. அதை நினைத்து நினைத்து அப்புறம் எவ்வளவோ அழுதிருக்க வேண்டும், அழவில்லை. எல்லாரும் தைரியசாலி என்றார்கள். மகள் இளவரசி ஓசூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகும்போது, "அம்மா நீ கல்லும்மா" என்று கட்டிக்கொண்டு அழுதாள். சௌந்தரம் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, பஸ்ஸுக்குக் கட்டிய புளிச்சோற்றில் அப்பளம் வைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்பளம் வைக்கவில்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டர் ரெஜினாவுக்கு இளவரசி வயசுதான் இருக்கும், பின்னால் ஏதோ ஒரு பூனை கத்துவது கேட்டது. "வாந்தியில செவப்பா இருக்கு டாக்டர்," என்றாள். "வெளிக்குப் போறது எப்படி இருக்கு?" "கறுப்பாத்தான். தார் மாதிரி. நேத்து சொன்னேன்ல." "அம்மா, நேத்து கேட்டதையே திரும்பக் கேக்குறேன்னு நெனைக்காதீங்க. வீட்டுல யாராவது ரத்தம் உறையாம இருக்குறதுக்கு மாத்திரை சாப்பிடுறாங்களா, வலி மாத்திரை, அந்த மாதிரி?" நேற்று கேட்டபோது அதெல்லாம் பீரோவில் பூட்டியிருக்கிறது என்று சொல்லி முடித்திருந்தாள். இப்போதும் அதையே சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு சாப்பிடுறாரு. ஆனா பீரோவுல இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு." "கீழ விழுந்ததை எதையாவது பொறுக்கியிருக்குமா?" "முழு மாத்திரையா அவருக்குக் குடுக்குறதே இல்ல டாக்டர். துப்பிருவாரு. நசுக்கி, சோத்துல பெசஞ்சுதான்." "அந்தச் சோறு அதுக்குக் கெடைக்காம பாத்துக்குங்கம்மா. இந்த எடை நாய்க்குத் தெனம் ஒண்ணு போனாலே போதும், வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். அது நிக்காம நான் என்ன மருந்து குடுத்தாலும் கேக்காது. இன்னும் நாலு நாள் இப்படியே போனா அது தாங்காது, வெளிப்படையாச் சொல்றேன்." "கெடைக்காது டாக்டர். அவரு ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாரு," என்றாள் சௌந்தரம். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்ததை அவளே கேட்டாள். சாயங்காலம் ஊசி போடத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி டாக்டரம்மா வைத்துவிட்டாள்.

பெருமை வராமல் என்ன செய்யும். துரைக்கண்ணு ரயில்வே பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர், கொண்டுபோன டிபன் கேரியர் ஒரு நாளாவது மிச்சத்தோடு திரும்பி வந்ததில்லை. விழுந்த பிறகு வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. மிஞ்சியது நாலைந்து வார்த்தைதான். வேணாம். போ. அந்தப் பக்கம். பட்டா. கடைசியாகச் சொன்னது பட்டாணியின் பெயரில் பாதி. சௌந்தரம் என்கிற பெயர் மிஞ்சவில்லை. முப்பத்தாறு வருஷம் கூப்பிட்ட பெயர். பட்டறை வாசலில் சாக்கில் கிடந்தபோது எடுத்து வந்த நாய்க்கு ஏழு வயசு, அதன் பெயரில் பாதி நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அது வலித்தது, வலித்தது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வலி, நாயோடு போய் யாராவது போட்டி போடுவார்களா. ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்று நாள் ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், இப்படியே இருந்தால் மூக்கு வழியாக ட்யூப் போட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு அப்படிப் போட்டிருந்தது. துரைக்கண்ணு அந்த மனிதரை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து ஆறு மாசம் போல அரைகுறையாக ஊட்டிக்கொண்ட பிறகு ஒருநாள் தானாகவே இடது கையைத் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு அவளைப் பார்த்து, "அந்தப் பக்கம்," என்றார்.

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாமல் எப்படி, இளவரசி நாலு வயசில் இடது கையால் இட்லியைப் பிய்த்ததற்கு இந்த மனிதர்தான் துண்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டு உட்கார வைத்தார். "பீச்சாங்கையால திங்கிறதா இருந்தா வெளிய போய்த் தின்னு, நாயோட தின்னு." குழந்தை அழுதுகொண்டே வலது கையால் தின்றது, இன்றைக்கும் எழுதுவது இடது கை, சாப்பிடுவது வலது கை. அப்படிப்பட்டவர் அந்தக் கையால் சோற்றைத் தொடுவதைக் கட்டிய பெண்டாட்டி பார்க்கலாமா. அதனால் அன்றிலிருந்து இப்படி ஒரு ஏற்பாடு. கட்டில் ஓரத்து மேசையில் தட்டை வைத்துவிட்டு அவள் அறை வாசற்படியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். கொல்லைக் குழாய் தெரியும், கறிவேப்பிலைச் செடி தெரியும், பக்கத்து வீட்டு லூர்து மேரியின் மதில் தெரியும். பின்னால் சத்தம் கேட்கும். சளப் சளப்பென்று நல்ல சாப்பாட்டுச் சத்தம். வாய் கோணிப்போனவர் சாப்பிட்டால் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொள்வாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாளில் அவள் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் அது ஒன்றுதான். பத்து நிமிஷத்தில், "போ," என்பார், திரும்பினால் தட்டு கழுவி வைத்ததுபோல் இருக்கும். இளவரசியிடம் ராத்திரி போனில், "அப்பா இப்பல்லாம் நல்லா சாப்பிடுறாரு," என்பாள். நல்லா சாப்பிடுகிறவர் ஏன் மெலிகிறார் என்று கேட்டால், வியாதி அப்படி என்று பதில் வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, பதில் மட்டும் தயாராக இருந்தது.

குனிந்து துடைத்தாள். துணிக்கு அடியில் சிவப்பு நசுங்கவில்லை, உருண்டது. ரத்தம் உருளாதே. விரலால் ஒன்றை எடுத்தாள், வழவழவென்று இருந்தது, உள்ளே வெள்ளையாக ஒரு விதை. மாதுளை. மாதுளை முத்து. அப்பாடா என்று இருந்தது, ரத்தம் இல்லை, டாக்டரம்மாவிடம் போன் போட்டு ரத்தம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும், பாவம் பயந்திருப்பாள். துணியைக் குழாயடியில் அலசினாள். கஞ்சி பொங்குகிற வாசனை வந்தது, போய்த் தீயைக் குறைத்தாள், கரண்டியால் கிண்டினாள். நேற்று ராத்திரி இளவரசிதான் சொன்னாள், "தயிர் சோத்துல மாதுளம்பழம் உதுத்துப் போட்டுக் குடும்மா, ரத்தம் ஊறும்." இந்த எட்டு மாசத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை மாதுளை வாங்கினாள், காலையில் தள்ளுவண்டியில், ஒரே ஒரு பழம். பாதியை உதிர்த்துப் போட்டாள். மீதிப் பாதி அதோ கிண்ணம் கவிழ்த்து வைத்திருக்கிறது. எட்டு மணிச் சாப்பாட்டில் போட்டாள், மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நசுக்கி, தயிரில் கரைத்து, கசப்பு தெரியாமல் இருக்க நார்த்தங்காய் ஊறுகாயையும் பிசைந்து. அவர் தட்டில் போட்டாள். வேறு எங்கும் போடவில்லை. தன் வாயில் கூட ஒரு முத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

சிந்தியிருக்கும். இடது கை, பழக்கமில்லாத கை, நாலு முத்து சிந்தத்தான் செய்யும், நாய் நக்கியிருக்கும். நாலுதானா. துணியை அலசியபோது எத்தனை இருந்தது, நிறைய இருந்தது. சோறும் இருந்தது. தயிர் புளித்த வாசனையும் இருந்தது. கஞ்சியில் ஏது தயிர். சரி, கொஞ்சம் நிறையச் சிந்தியிருக்கும். போன வாரம் லூர்து மேரி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது ஞாபகம் வந்தது. சௌந்தரம்தான் வம்புக்குப் போனாள், "எலும்பு போட்டே எங்க நாயைக் கொன்னுராதீங்கக்கா" என்று கத்திவிட்டாள், இருபது வருஷப் பழக்கத்தில் முதல் தடவை. லூர்து மேரி கோபப்படக்கூட இல்லை. "நான் எலும்பு போட்டே ரெண்டு மாசம் இருக்கும் சௌந்தரம். போட்டாலும் மோந்து பாத்துட்டுப் போயிரும். வயிறு ரொம்பிக் கெடக்குற நாய் மாதிரி போவும்." அப்போதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வயிறு ரொம்பிக் கிடக்கிற நாய். சீக்கு வருவதற்கு முன்னால் பட்டாணி கொழுத்தது, ஆமாம், கொழுத்தது, கழுத்துப் பட்டையில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டி வந்தது. அதே வாரம் அவர் லுங்கியை இன்னொரு மடிப்பு மடித்துக் கட்டினாள். இரண்டையும் செய்தது இதே கைதான். இரண்டு மாசம். தட்டு காலியாக ஆரம்பித்து இரண்டு மாசம். அதே சமயம்தான் மாத்திரையைத் துப்புகிறாரே என்று அவரிடம் சொல்லாமல் சோற்றில் கலக்க ஆரம்பித்ததும். அவள் அவரை ஏமாற்றினாள், அவர் அவளை ஏமாற்றினார், நடுவில் அந்த வாயில்லா ஜீவன் இரண்டு பேருடைய திருட்டுத்தனத்தையும் தின்றுகொண்டிருந்தது. சளப் சளப். அந்தச் சத்தம். கரண்டியை அடுப்படியில் வைத்தாள். அது எந்த வாயின் சத்தம் என்று இப்போது சந்தேகமே இல்லை. இத்தனை நாள் அவரைத் தாங்கியது அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று காலையும் ராத்திரியும் குடிக்க வைத்த பால்தான். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கஞ்சி வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள், வெந்திருந்தது. அவர் சாக முடிவு பண்ணியிருக்கிறார் என்று அந்த வாக்கியம் அப்புறம்தான் முழுசாக வந்தது, சமையலறையில் நின்றுகொண்டிருந்தவளிடம் யாரோ மெதுவாகச் சொன்னதுபோல். என்னை முதுகைக் காட்டி உட்கார வைத்து, என் காதுக்குப் பின்னாலேயே.

அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். பட்டாணி எப்படியோ நடையிலிருந்து எழுந்து வந்து கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அவருடைய இடது கை கட்டிலிலிருந்து கீழே தொங்கி அதன் தலைமேல் இருந்தது. விரல் மட்டும் காதைத் தடவிக்கொண்டிருந்தது. நாய்க்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர் கண்ணோரம் ஈரமாகவே இருக்கிறது. அவருக்குத் தெரியாது. மாத்திரை சோற்றில் இருப்பது அவருக்குத் தெரியாது, தான் கொடுப்பது சோறு என்றுதான் நினைத்துக் கொடுக்கிறார், தனக்கு வேண்டாததை அதற்காவது கொடுப்போமே என்று. கோபம் வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், நாலு வார்த்தை கத்தலாம், தட்டை வீசலாம். இது ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. அவளால் அந்த வாசற்படியில் நிற்க மட்டும் முடிந்தது. ஸ்டூல் அங்கேயே கிடந்தது, கொல்லையைப் பார்த்தபடி, காலையில் அவள் எழுந்து போன இடத்தில்.

ஒரு மணிக்குச் சோறு போட்டாள். பழக்கத்தில் மாத்திரையை எடுத்து ஒரு கரண்டியில் வைத்து அடுத்த கரண்டியால் அழுத்தப் போனவள் அப்படியே நிறுத்தினாள். முழுசாக ஒரு சின்னத் தட்டில் வைத்தாள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். தயிர் சோற்றில் மாதுளையின் மீதிப் பாதியை உதிர்த்தாள். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட உள்ளே போகவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேசையை அவர் பக்கம் இழுத்துத் தட்டை வைத்தாள். அவர் அவள் கையிலிருந்த இன்னொரு தட்டைப் பார்த்தார். அப்புறம், "அந்தப் பக்கம்," என்றார். அவள் ஸ்டூலுக்குப் போகவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம்," என்றார் மறுபடியும்.

"நான் திரும்ப மாட்டேங்க."

பால் பாக்கெட் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். பட்டாணி கட்டிலுக்கு அடியிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு தலையை நீட்டியது. இத்தனை சீக்கிலும் ஆசை போகவில்லை அதற்கு. வலது கையால் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள். எலும்பு கைக்குத் தட்டியது.

"சோத்துல மாத்திரைய நசுக்கிப் போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசமா. உங்ககிட்ட சொல்லல. நீங்க செஞ்சதை நீங்களும் என்கிட்ட சொல்லல. இதுக்கு வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது. டாக்டரம்மா சொல்றாங்க. உங்க மாத்திரைதான்."

அவர் முகத்தின் வலது பாதி எப்போதும்போல் கிடந்தது. இடது பாதி மட்டும் என்னவோ செய்ய முயன்றது. "பட்டா," என்றார். "ஆமா, பட்டாணிதான். இன்னும் நாலு நாளு இப்படிப் போனா தாங்காதாம்." அவர் நாயைப் பார்த்தார். நாய் தட்டைப் பார்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நாட்காட்டி ஒருதரம் படபடத்து அடங்கியது. "இது வெறும் சோறு. மாத்திரை அந்தச் சின்னத் தட்டுல தனியா இருக்கு. உங்களுக்கு வேணாம்னா என் முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்லுங்க. ட்யூப் போட விட மாட்டேன், அந்தப் பயம் வேணாம். இளவரசிகிட்ட நான் பேசிக்கிறேன். இதுக்கு மட்டும் குடுக்காதீங்க." வேணாம் என்பதற்கு அவரிடம் வார்த்தை இருக்கிறது. மிஞ்சிய நாலைந்தில் அதுதான் தெளிவாக வரும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது வயிறு இரைந்தது, வெட்கங்கெட்ட வயிறு, இந்த நேரத்திலும் இரைகிறது. தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாவது வாய் எடுக்கும்போது சோறு விரலிடுக்கில் ஒழுகி முழங்காலில் விழுந்தது, ஏன் இப்படி விழுகிறது என்று பார்த்தாள். வலது கை நாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மாற்றினால் நாய் ஓடிவிடும். மாற்றவில்லை. மூன்றாவது வாயையும் அப்படியே எடுத்தாள், பாதி வாயில், பாதி சேலையில். அவர் வேணாம் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் நினைத்தாள். கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த இடது கை மேலே வந்தது, லுங்கியில் இரண்டுதரம் துடைத்துக்கொண்டது, தட்டின் ஓரத்தைத் தொட்டு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு சோற்றை அள்ளிற்று. கோணிய வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மார்பில் சிந்தி, இரண்டு மாதுளை முத்து தரையில் உருண்டது. மீதியை வெகுநேரம் மென்றார். சத்தமே வரவில்லை. பட்டாணி உருண்ட முத்தைப் பார்த்துத் திமிறியது. சௌந்தரம் பட்டையை விடவில்லை, அவர் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.